தனக்கோடி வைத்த பின்தட்டி

கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த அன்றே குணசுந்தரி, வீட்டுக்குப் பின்வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஆனால் கதவை மறித்து விறகு அடுக்கியிருந்தது. புருஷன் தேவநாதன் சிரித்தான்.

கடலூர்க் குப்பத்தில் அவள் அம்மா தனக்கோடியைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி வரை நடந்து விற்றுவிட்டு வருகிற பெண்பிள்ளை அவள். தனக்கோடியின் அக்கா குப்பு, எரிகிற குடிசைக்குள் வலையை எடுக்கத் திரும்பிப் போனவள், வெளியே வரவேயில்லை. வலைதான் சோறு, குப்பத்தில் யாராக இருந்தாலும் அதற்காகத்தான் முதலில் ஓடுவார்கள்.

தனக்கோடி தன் குடிசையின் பின்சுவரை வெட்டி, ஓலைத்தட்டி வைத்துக் கயிற்றால் கட்டினாள். வாரம் ஒருநாள் குணசுந்தரியின் கண்ணையும் தம்பி சின்னதம்பியின் கண்ணையும் துணியால் கட்டுவாள். தவழ்ந்துபோய்க் கயிற்றை இழுத்து, தட்டியைத் தள்ளி, கரையில் கிடக்கும் கட்டுமரத்தில் போய் உட்கார வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, வலையைக்கூட.

ஒருநாள் குணசுந்தரி இழுத்து இழுத்துப் பார்த்தும் கயிறு அவிழவில்லை. அப்பா சிங்காரம் முந்தின நாள் அதை மாற்றிக் கட்டியிருந்தார். கட்டுமரம் பிணைக்கிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

"இழுத்தா அவுர்ற முடிச்ச நான் போட்டன்னு தெரிஞ்சா மச்சானுங்க சிரிப்பானுங்க," என்றார்.

தனக்கோடி சத்தம் போடவில்லை. மகளின் கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் சிவந்து தோல் உரிந்திருந்தன.

"சிரிக்கட்டும். அந்த முடிச்சு கடலுக்கு. இது புள்ளைங்களுக்கு."

அப்பா அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காகக் கட்டினார்.

அறுபத்தோராம் வருஷம் சித்திரையில், அப்பா கடலிலும் அம்மா உள்ளூர்ச் சந்தையிலும் இருந்த ஒரு நண்பகலில் பக்கத்துக் குடிசை தீப்பிடித்துக்கொண்டது. மேற்கேயிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. கண் மூடித் திறப்பதற்குள் இவர்கள் வாசல் கூரையும் எரிந்தது. குணசுந்தரி தம்பியின் கையைப் பிடித்துத் தவழ்ந்தாள். மூலையில் அப்பாவின் புது வலை கையில் தட்டுப்பட்டது. ஒரு கணம் நின்றாள். பிறகு விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.

வெறுங்கூடையோடு ஓடிவந்த அம்மா, கட்டுமரத்தில் இரண்டு தலைகளைப் பார்த்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கரையேறிய அப்பா வலையைப் பற்றிக் கேட்கவேயில்லை. மறுவாரம் குப்பத்தில் புதிதாக எழுந்த குடிசைகளுக்கெல்லாம் பின்தட்டி வைத்தார்கள். மச்சான்களுக்கு அந்தச் சுருக்கைப் போட்டுக் கொடுத்தவர் அப்பாதான்.

குணசுந்தரி சொன்ன இதையெல்லாம் கேட்ட தேவநாதன் எழுந்துபோய் விறகைக் கிணற்றடிக்கு மாற்றினான். குணசுந்தரி துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பாயிலிருந்து கதவு வரை தவழ்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இப்ப நீங்க," என்று அவன் கண்ணைக் கட்ட முந்தானையை நீட்டினாள்.