மைக்கக்கா கை தூக்கிய நாள்

பேருந்து நிலையத்தில் அவளுடைய குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் ஆளை நேரில் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஒலிபெருக்கியில் கேட்கும்போது நெடுநெடுவென்று வளர்ந்த, தரையில் கால் பாவாமல் நடக்கிற ஒரு பெண் மனதில் வந்து நிற்பாள். அறிவிப்பு அறைக் கதவைத் திறந்தால், முட்டிவலித் தைலம் மணக்க, ஒரு காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு ஒரு குட்டையான அம்மா உட்கார்ந்திருப்பாள். "நீங்களா அது?" என்று கேட்காதவர் கிடையாது. "ஏன், நான்னா ஆகாதா?" என்று அவளும் திருப்பிக் கேட்காமல் விட்டதில்லை. ஊரே அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

அவள் அந்த வேலைக்கென்று படித்தவள் இல்லை. நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்தவள். ஒரு நாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. துடைப்பமும் கையுமாக வாசலில் நின்றவளை மேலாளர் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிப்பாயா என்று கேட்டார். அவள் படித்தாள். வழக்கமாகக் காட்டுக் கூச்சலாக இருக்கிற நிலையம் அன்றைக்கு அரை நிமிடம் அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான், துடைப்பம் வேறு கைக்குப் போய்விட்டது.

துடைத்த காலத்தில் காதுபடக் கேட்ட சொற்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனாலோ என்னவோ, மைக் முன்னால் உட்கார்ந்தால் அசிங்கமான ஒன்று தன் வாயிலிருந்து வரக்கூடாது என்பதில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பேருந்து வழியில் படுத்துவிட்டது என்று சொல்லமாட்டாள், "சற்றுத் தாமதமாக வந்து சேரும்" என்பாள். நடைமேடையில் ஒருவன் குடித்துவிட்டு உருண்டு கிடந்தால் "பயணி ஒருவர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார், கவனமாக நடக்கவும்" என்பாள். அவளுடைய கணவர் ஒலிபெருக்கி கட்டுகிறவர். முதலில் குரலைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் அவளைக் கட்டிக்கொண்டார் என்று கேலி பேசுவார்கள். வீட்டில் அவர் அதிகம் வாய் திறப்பதில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும்.

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மைதானத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரார்த்தனைக் கூட்டம் கூடும். எங்கெங்கிருந்தோ வருவார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வருகிறவர்கள் உண்டு, சொத்தை விற்று வண்டி பிடித்து வருகிறவர்கள் உண்டு. கூடாரங்கள் முளைக்கும், தெருக்கள் முளைக்கும், ஒரு வாரத்துக்கு ஒரு நகரமே முளைத்துவிடும். கடைசி நாள் பொழுது சாயும் நேரத்தில் பெரிய பிரார்த்தனை. மைதானத்தின் நடுவே இரும்புக் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் தகர அறை ஒன்றை வைத்துக் கணவர் ஒலிபெருக்கிக் குழாய்களை மாட்டுவார். காணாமல் போனவர்களை அறிவிக்க அவளும் மேலே ஏறுவாள்.

முதல்முறை ஏறியபோது அவள் மைக்கை மறந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தலைகள். எள் போட்டால் எள் விழாது. உலகத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அப்பா அங்கேயே நில்லுங்கள், உங்கள் மகள் வருகிறாள்" என்று அவள் சொன்னால், எங்கோ ஒரு மூலையில் ஒருவர் நின்றுவிடுவார். அதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். எத்தனை முறை ஏறினாலும் அந்தச் சிலிர்ப்பு குறைந்ததே இல்லை.

இந்த முறை அவளுக்கு இன்னொரு பேறும் கிடைத்திருந்தது. பெரிய பிரார்த்தனையைத் தொடங்கிவைக்கும் வரியைச் சொல்ல நிர்வாகக் குழு அவளைக் கேட்டிருந்தது. ஒரே ஒரு வரிதான். அதை அவள் சமையலறையில் சொல்லிப் பார்த்தாள், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், தூக்கத்திலும் சொன்னதாகக் கணவர் சத்தியம் செய்தார்.

கடைசி நாள் விடிந்ததுமே கோபுரத்தடிக்கு ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயது, தூக்கம் கெட்ட கண்கள். மைதானத்தின் ஒரு பக்கத்துக் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, வந்திருப்பது காலரா என்று சொன்னாள். அந்தக் குழாயை மூடியாயிற்று, பாத்திரங்களில் பிடித்து வைத்த தண்ணீரையும் கொட்டச் சொல்ல வேண்டும் என்றாள். மைக்கக்கா அறிவித்தாள். அடுத்த நொடி அத்தனை பேரும் பாட்டில்களையும் குடங்களையும் கவிழ்த்தார்கள். மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு மழை கொட்டுவதுபோல் கேட்டது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், ஆனாலும் ஏன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு அந்தக் கூட்டம் அப்படிக் கட்டுப்பட்டது.

ஆனால் அடுத்து அவள் சொன்னதற்கு ஒரு காக்கை குருவிகூட அசையவில்லை. "உடல்நலக் குறைவு உள்ளவர்கள் மருத்துவக் கொட்டகைக்கு வருமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொட்டகையில் கட்டில்கள் காலியாகவே கிடந்தன. கழிப்பிடம் கழுவுகிறவர்களோ வேறு கதை சொன்னார்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் முனகிக்கொண்டிருக்கிறார், தட்டினால் ஒன்றுமில்லை என்கிறார் என்றார்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது மைக்கக்காவுக்கு நன்றாகவே தெரியும். அவளுக்கும் விடியற்காலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

அவளும் அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்திருந்தாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு பலமுறை ஏணியில் இறங்கி ஏறிவிட்டாள். என்ன என்று கேட்ட கணவரிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நோயாளி என்று தெரிந்தால் வண்டியில் ஏற்றி ஊருக்குள் அனுப்பிவிடுவார்கள், பெரிய பிரார்த்தனை போய்விடும். மைதானத்தில் மறைந்திருந்த எல்லோருக்கும் இருந்த பயம்தான் இது. அவளுக்கு அந்த ஒரு வரியும் சேர்த்துப் போய்விடும். ஊருக்கு உபதேசம் செய்துகொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் உறைக்கத் தொடங்கிய நேரத்தில் ஓர் இளம்பெண் கோபுரத்தடியில் வந்து அழுதாள். மாமியாரைக் காணவில்லையாம். காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாம். "கொட்டகைக்குப் போகலாம் அத்தைன்னுதான்கா சொன்னேன். இதோ வரேன்னு எழுந்து போனவங்கதான்." பிரார்த்தனையில் உட்காரவேண்டும் என்று அந்த மாமியார் வாழ்நாள் முழுக்கச் சிறுவாடு சேர்த்தவளாம். மைக்கக்கா அடையாளம் சொல்லி அறிவித்தாள். பச்சைச் சால்வை, வெள்ளைத் தலை, இடது கன்னத்தில் மச்சம். குரலில் தேன் ஒழுக அறிவித்தாள். யாரும் வரவில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்து, இந்த முறை மேலேயே ஏறியபோது முகம் இறுகியிருந்தது. "தண்ணிய நிறுத்தியாச்சுக்கா. இனிமே நோய் குழாய்ல இல்ல, ஆளுங்ககிட்ட இருக்கு. அவங்க கைபட்ட இடமெல்லாம் இன்னொருத்தர் கைபடுது. வயசானவங்க உடம்புல தண்ணி வத்திப்போனா சாயங்காலம்வரைக்கும் தாங்க மாட்டாங்க. அந்தப் பாட்டி எங்க இருக்காங்கன்னு மட்டும் காட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"வந்தா வண்டியில ஏத்தி அனுப்பிடுவீங்களா?" என்று மைக்கக்கா கேட்டாள்.

"எதுக்கு அனுப்பணும்? ஊசியும் மருந்தும் இங்கேயே இருக்கு."

"பிரார்த்தனை கேக்குமா அங்க?"

டாக்டரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். வறண்ட உதடு, குழிவிழுந்த கண். "யாருக்காகக்கா கேக்கறீங்க?" என்றாள். அறை மூலையில் இருந்த கணவர் வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.  ஓர் ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வயர் இழுக்க இறங்கிவிட்டார். இத்தனை ஆண்டுக் குடித்தனத்தில் அவர் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

மைக்கக்கா மைக்கைப் பார்த்தாள். ஊர் வாயை மூட முடியாது என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குப் பேருந்து நிலையம் முழுக்கச் சிரிக்கும். மானம் கப்பலேறிவிடும். கீழே எங்கேயோ ஒரு பச்சைச் சால்வை வற்றிக்கொண்டிருக்கிறது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது, வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது. கூட்டம் உட்கார்ந்தது. அலை இறங்குவதுபோல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைகள் தாழ்ந்தன. "காலையிலேர்ந்து உடல்நலக் குறைவு, உடல்நலக் குறைவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கே இருக்கு, அத மட்டும் சொல்லல. எனக்கு விடியறதுக்கு முன்னாடியிருந்து வயித்தால போகுது. தண்ணி தண்ணியா போகுது. துணியெல்லாம் பாழாயிடுச்சு. பிரார்த்தனை போயிடுமோன்னு மறைச்சேன். போகாதாம். யாரையும் எங்கேயும் அனுப்பமாட்டாங்களாம். கொட்டகைக்கே பிரார்த்தனை கேக்கும், என் வீட்டுக்காரர் வயர் இழுத்துக்கிட்டு இருக்காரு. இதோ, நான் கையைத் தூக்கறேன். என்னை மாதிரி இருக்கறவங்க தூக்குங்க. நீங்க வரவேணாம், நாங்க வந்து தூக்கிக்கறோம்."

தகர அறை வாசலுக்கு வந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கினாள்.

  இப்போது சிரிப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். தூரத்தில் ஒரு கை எழுந்தது. ஓர் ஆணின் கை, முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. வடக்கில் நாலைந்து. பிறகு மைதானம் முழுக்கக் கைகள். குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்திருந்த தாய்மார்கள், படுத்தபடியே தூக்கிய கைகள், எழ முடியாதவருக்காகப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிய கைகள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து அவள் வியந்திருக்கிறாள், ஆனால் அது தன்னைத் திரும்பிப் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டாள்.

"கோபுரத்துக்குக் கீழ பாருங்க," என்றாள் டாக்டரம்மா.

கோபுரத்தின் இரும்புக் கால் ஓரமாகவே, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, பச்சைச் சால்வையை உள்பக்கம் திருப்பிப் போர்த்திக்கொண்டு ஒரு கிழவி சுருண்டு கிடந்தாள். தன்னைப் பற்றிய அடையாளங்களைக் காலை முழுக்கத் தலைக்கு மேலேயே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஒரு கை மட்டும் மேலே எழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

தூக்குக் கட்டில்கள் போக வழி வேண்டுமே என்று டாக்டரம்மா வாய் திறக்கும் முன்பே கூட்டம் பிளந்தது. எள் விழ இடமில்லாத இடத்தில் ஒரு தெரு திறந்தது. மைக்கக்கா ஏணியில் இறங்கி, பாழான துணியோடு அந்தத் தெருவில் கால் வைத்தபோது, அவமானத்தில் தலை தரையைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த முரட்டு மீசைக்காரர் ஒருவர் அவளைப் பார்த்தார், எழுந்தார், முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அடுத்தவரும் திரும்பினார். கொட்டகை வரைக்கும் இரண்டு பக்கமும் முதுகுகள்தான். ஒரு கண்கூட இல்லை. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்து போனாள்.

கொட்டகையில் கிழவிக்கு அடுத்த கட்டில் அவளுக்கு. டாக்டரம்மா கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்துக் குடித்தே மைக்கக்கா தேறிவந்தாள். கிழவியின் நிலைமை மோசம். கையில் நாடி பிடிபடவில்லை. தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றிப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் இறக்கினார்கள். மருமகள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிறுநீர் இறங்கினால் பிழைத்தாள் என்று அர்த்தம், அதுவரைக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்தது. தொடங்கிவைக்கும் வரியை யாரோ சொன்னார்கள், சுமாராகத்தான் சொன்னார்கள். மைக்கக்காவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரார்த்தனையின் நடுவே மௌனம் காக்கும் நேரம் வந்ததும் மைதானம் அடங்கியது. அத்தனை ஆயிரம் தொண்டைகளும் ஒரே நேரத்தில் மௌனமானபோது, கொட்டகைத் துணி காற்றில் அசைவதுகூடக் கேட்டது. உலகத்தையே யாரோ பொத்திப் பிடித்ததுபோல் இருந்தது. மருமகள் கண்ணை மூடியிருந்தாள்.

கிழவியின் உதடு அசைந்தது. மைக்கக்கா காதைக் கொண்டுபோய் வைத்தாள். கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா கொட்டகையின் மறுகோடியில் இருந்தாள். மௌனம் முடியட்டும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை.

"டாக்டரம்மா," என்றாள் முழுக் குரலில். மைக் இல்லாமலே அது கொட்டகையைத் தாண்டி வெளியே போனது. "இவங்களுக்கு ஒண்ணுக்கு வருதாம்."