நரியாக உட்கார்ந்தவன்

உடையார்பாளையத்து முந்திரிக்காட்டில் ஒன்பதடி அலுமினியக் குழாயைச் சுழற்றி ஏழு ஆண்பிள்ளைகளின் கையையும் ஒருவனுடைய தாடையையும் உடைத்தவள் நான். அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று, மூன்று பேரப்பிள்ளைகள். ஏழு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். சங்கச் செயலாளர் சிவப்புப் பேனாவோடு வருவதற்குள் நானே அதை மூன்றாகக் குறைத்துக்கொள்கிறேன். தாடையில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. அது என் தாடை.

நம் தேசிய அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓர் உறுப்பினரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மொட்டை மாடியில் கோபுரம் நட்டவர்கள், நூறு நாடுகளோடு பேசிக் கோப்பை வாங்கியவர்கள் எல்லாம் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் ராசாங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். உடையார்பாளையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இயற்பியல் படித்தவன், அதனால் 'அவன்' என்றுதான் எழுதுவேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது அண்ணன் வைத்திலிங்கம் பொது வரப்பை ஒரு முழம் வெட்டி இவன் பக்கம் தள்ளிவிட்டான். கேட்கப் போனவன் கையில், மோட்டார் பூட்டக் கொண்டுபோன ஸ்பானர் இருந்தது. வார்த்தை தடித்தது. அண்ணன் மண்வெட்டிக் காம்பால் இவன் தோளில் ஒன்று போட்டான். இவன் ஸ்பானரால் அண்ணன் முகத்தில் ஒன்று போட்டான். ஒரே அடிதான். இடது கண் பிதுங்கிக் கன்னத்தில் வந்து நின்றது. அதை உள்ளங்கையில் தாங்கியபடி வைத்திலிங்கம் அரியலூர் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் உட்கார்ந்தே போனான். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை என்பது என் சேர்க்கை. மற்றதெல்லாம் நடந்தது.

கண் போனது. பஞ்சாயத்தில் ராசாங்கத்தின் நிலத்தில் பாதி அண்ணனுக்குப் போனது. சிறுவாச்சூர் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். இவன் செவ்வாய்க்கிழமை போய், வெள்ளி வரை வாசலிலேயே சோறு தண்ணியில்லாமல் கிடந்தான். நடை திறந்ததும் ஸ்பானரைப் படியில் வைத்துவிட்டு, இனி எந்த உயிர் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தான்.

இருபத்துநான்கு வருடம் அதைக் காப்பாற்றினான். கருகிப்போன மோட்டாருக்காக ஒருவன் கடையில் வைத்தே இவனை அறைந்தான். இவன் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கடைக்குள் வந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றால் மெதுவாகத் தள்ளி, "அந்தாண்ட போ சாமி" என்று வழியனுப்பினான். ஊரில் அவனைக் கோழை என்பார்கள். அவன் மறுப்பதில்லை.

ரேடியோவுக்கு வந்ததும் அதனால்தான். என் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்க வந்தவன், உள்ளே கேட்ட மோர்ஸ் சத்தத்தில் நின்றுவிட்டான்.

"யாரு டீச்சர் இது?"

"ஜப்பான்காரரு."

"என்னா சொல்றாரு?"

"அவரு ஊருல மழையாம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். "கை எட்டாத தூரத்துல இருந்து பேசிக்கலாம் போலருக்கே. நமக்குத் தோதான வேலை இது" என்றான். இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினான்.

வருடத்துக்கு ஒருமுறை சங்கம் நடத்தும் நரி வேட்டை பற்றி, படிக்கும் வெளியாட்களுக்காக ஒரு வரி. ஒருவர் ஒரு சின்ன ஒலிபரப்புப் பெட்டியோடு எங்காவது ஒளிந்துகொள்வார். அவர்தான் நரி. பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' போடும். மற்றவர்கள் கையில் ஆன்டெனாவோடு, சத்தம் எந்தத் திசையில் பலமாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேடி வருவார்கள். எங்கள் வட்டாரத்தில் ஆறு வருடமாக ராசாங்கம்தான் நரி. ஒளிவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

போன சித்திரையில் முந்திரிக்காட்டில் வேட்டை வைத்தோம். நான் கட்டுப்பாட்டு நிலையம். உடையார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மேசை, ரேடியோ, பக்கத்தில் என் மாருதி. வேட்டைக்கு நான் போட்ட சட்டம் ஒன்று. ஒருவருக்கொருவர் போன் செய்து ஏமாற்றுகிறார்கள் என்று, நரி உட்பட எல்லோர் செல்போனையும் வாங்கி ஒரு தகர டப்பாவில் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்.

காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் தை மாதம் அம்மன் சிலை திருடு போயிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். சிலை போனதிலிருந்து ஊரே கம்பும் கையுமாகத் திரிந்தது. எங்களுக்கு அது தெரியாது. கேட்டுவிட்டு நடத்தியிருக்க வேண்டும்.

பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோகுலகிருஷ்ணன், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கொத்தனாரின் அளவு டேப்பை வெட்டி பிவிசி குழாயில் சொருகிய ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி, காலை பத்தரை மணிக்கு அந்த ஊர்க் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றார். ஆட்கள் சூழ்ந்ததும் கைக்கருவியை என்னோடு பேசும் அலைவரிசைக்குத் திருப்பிப் பொத்தானை அமுக்கினார். அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு பேர்தான். நான், காட்டுக்குள் எங்கோ ஒளிந்திருந்த ராசாங்கம். மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாம் நரியின் பீப்பில் காதை வைத்திருந்தார்கள்.

"எதடா தேடுற?" இது கோயில் தர்மகர்த்தா ஆண்டவர். பெயரை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

"பெட்டிங்க. இங்கன ஒளிச்சு வச்சிருக்காங்க. கண்டுபுடிச்சா பரிசுங்க."

உண்மையைச் சொன்னார் மனுஷன். சிலை திருடு போன ஊரில் அதைவிடப் பெரிய வாக்குமூலம் கிடையாது.

"எங்க ஆத்தாள வச்ச பெட்டியாடா?"

முதல் அறை விழுந்தது. பிறகு மட்டை. பச்சைத் தென்னைமட்டை உடம்பில் விழும் சத்தம் ரேடியோவில், ஈரச் சமுக்காளத்தைக் கல்லில் அடிப்பது போலக் கேட்கும். யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை. "கால ஒடி, ஓடாம கெடப்பான்" என்றது ஒரு குரல். "கூட்டாளி எங்கடா?" என்றது இன்னொன்று. எலும்பு முறிந்ததும் எனக்குக் கேட்டது. கோகுல் ஒருமுறை அலறினார், அதற்குப்பின் முனகல்தான்.

நம் கைக்கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. மூன்று நிமிடம் தொடர்ந்து பொத்தானை அமுக்கினால், சூடேறாமலிருக்கத் தானே வாயை மூடிக்கொள்ளும். விட்டு மறுபடி அமுக்கினால்தான் திறக்கும். மூன்று நிமிடம் ஆனதும் சத்தம் நின்றது. செத்துப்போனார் என்றே நினைத்தேன். எட்டு விநாடி. பிறகு 'டக்' என்று மறுபடி திறந்தது, மட்டைச் சத்தத்தோடு. கருவி அவர் வயிற்றுக்கடியில் இருந்தது. தலையைப் பொத்திக்கொள்ள வேண்டிய இரண்டு கையில் ஒன்றை அடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டு கிடந்தார். அவர் அமுக்கும்வரை உயிரோடிருக்கிறார், அவர் அமுக்கும்வரை அவரைத் தேட முடியும்.

நான் போலீசுக்குப் போன் அடித்தேன். "காடு நாலு கிலோமீட்டருங்கம்மா, எந்தப் பக்கம்?" என்றார்கள். அதுதான் தெரியவில்லை. வண்டி கிளம்பி ரோட்டில் வந்து நின்றது.

ராசாங்கம் என்னைக் கூப்பிட முடியாது. கோகுல் பொத்தானை அமுக்கியிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு குரல் ஏறாது. போன் என் டப்பாவில். நரியின் அலைவரிசைக்குப் போய், "வேட்டைய நிறுத்துங்க, கோகுல அடிக்கிறாங்க" என்று கத்தியிருக்கிறான். ஒருவரும் நம்பவில்லை. ஏனென்றால் போன வருடம், "வேட்டை முடிஞ்சிருச்சு, டீ குடிக்க வாங்க" என்று நரியை விட்டுச் சொல்லவைத்துப் பாதிப் பேரை ஏமாற்றினேன். குறும்புக்குச் செய்தது.

அதனால் நரியே வேட்டைக்குக் கிளம்பியது. அவனிடம் திசைகாட்டும் ஆன்டெனா கிடையாது. கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினான். நம் உடம்பே சுவர். எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது சத்தம் மங்குகிறதோ, அந்த முதுகுப் பக்கம்தான் ஆள். சுற்றுவான், திரும்புவான், ஓடுவான். மறுபடி நின்று சுற்றுவான். முந்திரி மரத்துக்கு வாசல் கிடையாது, கிளையெல்லாம் தரையோடு கிடக்கும். செவ்வெறும்பு கழுத்துக்குள் இறங்கிக் கடித்துக்கொண்டே வந்தது. ஒரு கையில் நரிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினான். பாட்டரியோடு மூன்று கிலோ இரும்பு. எதற்கென்றால், கோகுல் தேடிய பெட்டி இதுதான் என்று காட்டிப் பேசிப் புரியவைக்க.

இரண்டாம் முறை மௌனம் பத்து விநாடி. மூன்றாம் முறை இருபது. அந்த நேரமெல்லாம் ராசாங்கம் மரம்போல் நிற்க வேண்டியதுதான், சத்தமில்லாமல் திசையில்லை. நான்காம் முறை நாற்பது விநாடி. டக் என்று திறந்தபோது சத்தம் எல்லாத் திசையிலும் ஒரே பலமாக இருந்தது. கிட்டே வந்துவிட்டான் என்று அர்த்தம். கருவியின் குட்டி ஆன்டெனாவைக் கழற்றிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுற்றினான். இடப்பக்கம் திரும்பியபோது மங்கியது. வலப்பக்கம் ஓடினான். ஐந்தாம் முறை மௌனம் வந்தது. அது திறக்கவே இல்லை. ஆனால் இப்போது ரேடியோ தேவைப்படவில்லை, காதிலேயே கேட்டது.

கோயிலுக்குப் பின்னால் இருபது பேர். நடுவில் கோகுல், சட்டை கிழிந்து, ஒரு கால் போகக் கூடாத பக்கம் மடங்கி, வாயில் மண்ணும் ரத்தமும். ராசாங்கம் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"ஐயா, இந்தப் பெட்டியத்தான் தேடுனாரு. வெளையாட்டுங்க. தொறந்து பாருங்க, கம்பியும் பாட்டரியும்தான் இருக்கு."

"இந்தா வந்துட்டான் கூட்டாளி" என்றது கூட்டம். அவன் முதுகில் நாலு மட்டை விழுந்தது. அவன் பெட்டியைத் திறந்துகொண்டே இருந்தான், சொல்லிக்கொண்டே இருந்தான். "பேசிக்கலாங்க. பேசிக்கலாம்." அதற்குள் ஆண்டவர் சுமைதாங்கிக் கல்லின் உடைந்த துண்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, கோகுலின் தலைக்கு நேரே நின்றார்.

அந்த நொடியில்தான் என் மாருதி முந்திரிக் கிளைகளை முறித்துக்கொண்டு விமானம்போல் வந்து இறங்கியது. கோபுரத்துக்கு வைத்திருந்த அலுமினியக் குழாயோடு குதித்தேன். ஒரே வீச்சு. ஆண்டவரின் தாடை கிளைமுறியும் சத்தத்தோடு போனது, கல் அவர் காலிலேயே விழுந்தது. மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் கையை நீட்டினார்கள், அதையும் கவனித்துக்கொண்டேன். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரிடமும் இதையேதான் எழுதிக்கொடுத்தேன். அவர் என் மூட்டுவலிக் கட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். கோகுலைக் கொல்லப் பார்த்த வழக்கு தன் ஊர்மேல் வரும் என்று தெரிந்ததும், ஆண்டவரும் தாடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, ஆறு வாரம் கம்பி கட்டியிருந்தது.

கோகுல் பிழைத்தார். மூன்று விலா, ஒரு கால், ஒரு மண்டைக் கீறல். பொத்தானை அமுக்கிய கட்டைவிரல் இன்னும் மடங்காது. நரிப்பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. 'ஓடும்போது கீழே விழுந்தது' என்று சங்கத்தின் பொருள் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க ராசாங்கத்தையும் கோகுலையும் கூப்பிட்டு உரக்க வாசித்தேன். கோகுல் சிரித்துக்கொண்டிருந்தார். ராசாங்கம் சிரிக்கவில்லை.

"டீச்சர், ஒன்ன மட்டும் மாத்திக்குங்க" என்றான்.

"மூணு பேரு கையா? சரி, ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

"அது எத்தன வேணா போட்டுக்குங்க. தாடைய குடுத்துருங்க."

"ராசாங்கம், சும்மா இரு. உங்க அண்ணன் வூட்டுக்குக்கூட இந்த மலரு போவும்."

"போவட்டும். நீங்க வந்து எறங்குனது கால்மணி நேரம் கழிச்சு. கோகுல் சாரு விரலு நின்ன பொறவு, நான் மைக்குல எடத்த சொன்னேன், அப்பறந்தான் நீங்களும் போலீசும் வந்தீங்க. வரையில காரு பள்ளத்துல எறங்கி, அந்த ஊருக்காரனுவளேதான் தள்ளிவுட்டானுவ. கொழாய நீங்க கீழகூட எறக்கல. ஆண்டவர அடிச்சது நானு. இந்தப் பெட்டியால. ஒரு அடி இல்ல டீச்சர், ரெண்டு. மொத அடியில கல்லு கீழ விழுந்துருச்சு. ரெண்டாவது அடிக்குத் தேவையே இல்ல. இருந்தும் அடிச்சேன்."

கோகுலின் சிரிப்பு நின்றிருந்தது.

"மறுநாளு திங்கக்கெழம. சிறுவாச்சூருக்குப் போயி அம்மன்கிட்ட ரெண்டையும் சொல்லிட்டேன்" என்றான் ராசாங்கம். "புஸ்தகத்துல ஒண்ணுமே இல்லன்னு இருந்தா, அவ உங்கள கேக்க மாட்டா. என்னையத்தான் கேப்பா. ரெண்டுன்னு போடுங்க."