திட்டினாலும் ஒரு மார்க்

என்னுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை இதுவரை மேற்கோள் காட்டியிருக்கும் ஒரே அறிஞர் நான்தான். இரண்டாவது கட்டுரையில் முதல் கட்டுரையைக் குறிப்பிட்டேன். மூன்றாவதை எழுதாததால் இரண்டாவது அநாதையாக நிற்கிறது. இந்தத் தகுதியோடு, தேனிக்குத் தெற்கே நான் பொருளாதாரம் நடத்தும் தனியார் கல்லூரியில், ஆராய்ச்சி மதிப்பீட்டுக் குழுவில் என்னைப் போட்டார்கள். கூட்டல் தெரிந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

வேலை எளிது. ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளை யாரும் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றை எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று ஓர் இணையதளம் சொல்லும். அதற்கேற்ப மார்க் போட வேண்டும். தற்காலிக ஆசிரியர் நிரந்தரமாவதும் வீட்டுக்குப் போவதும் அந்த மார்க்கைப் பொறுத்தது.

என் கவலையெல்லாம் தாவரவியல் துறையில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. பல வருடங்களாகத் தற்காலிகம். வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்விடுவார். சாரல் பிடித்துக்கொண்டால் கொடியில் செவட்டை நோய் விழும். இலை கருகி, பிஞ்சு உதிர்ந்து, கடைசியில் பந்தல் மட்டும் நிற்கும். கடற்பாசிச் சாற்றைத் தெளித்தால் செவட்டை வராது என்று எங்கள் கல்லூரி முதல்வர் முன்பு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவரும் தாவரவியல்காரர். இந்தப் பெண் அதைத் தோட்டத்தில் தெளித்துப் பார்த்தார். செவட்டை வந்தது. அடுத்த மழைக்கும் பார்த்தார். அப்போதும் வந்தது. முதல்வரின் கட்டுரையை மரியாதையாகக் குறிப்பிட்டு, அந்த முறை இங்கே பலிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். விவசாயிகளுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கையும் போட்டார். பாசிச்சாறு வாங்குவதைப் பலர் நிறுத்தினார்கள்.

ஆசிரியர் அறையில் அவருடைய போன் அடித்தபடி இருக்கும்.

“டீச்சரம்மா, மேகமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது. மருந்தடிக்கவா, பொறுக்கவா?”

“பொறுங்கண்ணே. இலையத் திருப்பிப் பாருங்க. அடியில வெள்ளையாப் பூத்திருந்தா மட்டும் கூப்பிடுங்க.”

“பக்கத்துத் தோட்டத்துலயும் கேக்கச் சொன்னாக.”

“அவுகளுக்கும் அதேதாண்ணே.”

மதிப்பெண் பட்டியலில் அவருக்கு சைபர். துண்டறிக்கை கணக்கில் கிடையாது. அவருடைய ஆங்கிலக் கட்டுரையை இன்னும் யாரும் குறிப்பிடவில்லை. முதல்வருக்கு நேரே ஓர் எண் கொழுத்து உட்கார்ந்திருந்தது. குழுவில் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்தேன்: அவரைக் குறிப்பிட்ட கட்டுரைகளைத் திறந்து படித்தேன். நாசிக்கில் பலிக்கவில்லை. வேறோர் ஊரில் சாற்றைத் தெளித்த பிறகு நோய் இன்னும் செழிப்பாக வந்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு முதல்வரிடம் போனேன்.

“சார், இதுல முக்கால்வாசிப் பேரு உங்க கட்டுரை தப்புன்னுல்ல எழுதியிருக்காக?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “திட்டுனாலும் மேற்கோள் மேற்கோள்தான் சார். உங்களை ஏன் ஒருத்தரும் திட்டல?”

நியாயமான கேள்வி. பேச்சை மாற்றினேன்.

“அப்ப நம்ம பொண்ணு எழுதுனது?”

“எனக்கு ஒரு மார்க். நல்ல பொண்ணு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றில் இறங்கித் தவறைக் கண்டுபிடித்தவருக்கு சைபர். அவர் கண்டுபிடித்ததற்காகத் தவறு செய்தவருக்கு மார்க். இன்னும் நாலு பேர் கண்டுபிடித்தால் இன்னும் நாலு. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஒவ்வொருவரும் அவனுக்கே மாலை போட வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, அதற்கு ஆராய்ச்சியின் தரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். இதை உரக்கச் சொன்னேன். ஏசி சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, முதல்வர் அந்தப் பெண்ணை வரச் சொன்னார்.

“ஏம்மா, இது மொய் செய்யிற மாதிரிதான். நம்ம ஆளுக எல்லாரையும் நீ உன் கட்டுரையில போடு, அவுகளும் உன்னையப் போடுவாக. அடுத்த கட்டுரையில என் பேரையும் சேத்துக்க. அதுல அந்தப் ‘பலிக்கவில்லை’ங்கிற வரிய மட்டும் எடுத்துரு. வேலை நிரந்தரம்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

“எடுத்துட்டா தோட்டத்துக்காரக மறுபடி அதையே வாங்கி அடிப்பாக சார்.”

“அவுக நம்ம கட்டுரையப் படிக்கவா போறாக?”

“படிக்க மாட்டாக சார். என்னையக் கேப்பாக.”

வரியை அவர் எடுக்கவில்லை. கல்லூரி அவரை எடுத்துவிட்டது. குழுவின் முடிவில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அதை வீரம் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பான்மை இருந்ததால் என் கையெழுத்து தேவைப்படவே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இப்போது அவர் கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி, குமுளிக்கு அப்பால் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் இலைகளைச் சோதிக்கிறார். மழை இருட்டினால் திராட்சைக்காரர்கள் அங்கேயும் கூப்பிடுகிறார்களாம்.

போன வாரம் முதல்வர் ஆசிரியர் அறைக்கு ஜிலேபி டப்பாவோடு வந்தார். புதிதாக ஒரு மேற்கோள் விழுந்து, அவருடைய கணக்கு அடுத்த படிக்கு ஏறியிருந்தது. இணையதளத்தில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் புதிய கட்டுரை. ‘பலிக்கவில்லை’ என்பது இம்முறை தலைப்பிலேயே இருந்தது.

டப்பா என்னிடம் வந்தது. வேண்டாம் என்றேன்.

“சுகரா சார்?”

“இல்ல சார். கட்டுரையப் படிச்சேன்.”

அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை அடுத்த மேஜைக்கு நகர்த்தினார்.