இல்லாத வலைக்கு இரண்டு நிரூபணங்கள்

டோரீன் ஹாஸ்க்விட்ஸ் எங்கள் மினசோட்டா கல்லூரியின் கணிதப் பேராசிரியை. கோடையில் ஊரே ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும். அவர் பட்டப்படிப்பு மாணவர் இருவரை வைத்துக் கூட்டு ஆராய்ச்சி நடத்துவார். கூட்டு என்று பெயர்தானே தவிர, ஒருவர் கரும்பலகையை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சொந்த மூளை படுத்துவிடுமாம்.

இந்த ஆண்டு, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் ஒரு வலை. அது எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் டோரீனுடைய கற்பனை. மாணவன் வெண்டலின் சக்கரப் பலகை வடக்குச் சுவரோரம், மாணவி பவுலினாவுடையது தெற்குச் சுவரோரம். தேற்றங்கள் மளமளவென்று விழுந்தன. அடுத்த அறையில் இருந்த எனக்கே பொறாமை.

கோடை முடியும் நேரம்; மறுநாள் வெளிக்கல்லூரிக்காரர்கள் முன்னால் இருவரும் பேச வேண்டும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவர்கள் கையில் இருந்தது இந்த ஆராய்ச்சி ஒன்றுதான். ஒத்திகைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வலையில புள்ளிங்க எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படை" என்று வெண்டல் முடித்தான்.

பவுலினா எழுந்திருக்கவில்லை. "டேய், வெளையாடாத. ஒத்தைப்படைன்னு நான் நிரூபிச்சிருக்கேன்."

"தப்பா நிரூபிச்சிருப்ப."

"நீ வந்து பாரு."

முதன்முறையாகப் பலகை மாறினார்கள். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்கள். வெண்டலின் முகம் வெளுத்துவிட்டது. "இவ சரிதான்."

"இவனும் சரிதான்" என்றாள் பவுலினா. "அப்போ அப்படி ஒரு வலையே கெடையாது. இல்லாத ஒண்ணோட குணத்தையா கோடை முழுக்க ஆராய்ஞ்சோம்?"

இரண்டு பலகைகளையும் பார்க்க அனுமதி பெற்றிருந்த ஒரே ஆள் டோரீன். இரண்டையும் வரிக்கு வரி திருத்தியவரும் அவரே. சாக்பீஸ் பிடித்த கையை இறக்க மறந்து நின்றார். "ரெண்டும் அழகா இருந்துச்சுப்பா" என்றார்.

"எங்கம்மா என் பேச்சைக் கேக்க நெப்ராஸ்காவுலேர்ந்து கார்ல கெளம்பிட்டாங்க, டோரீன். நாளைக்கு நான் என்னத்தப் பேச?" என்றான் வெண்டல்.

"இல்லைன்னு பேசு. நீ பாதி, அவ பாதி."

அப்படியே பேசினார்கள். அவன் இரட்டை என்றான், அவள் ஒற்றை என்றாள், ஆகவே இல்லை என்றார்கள். வெளிக்கல்லூரிக்காரர்கள் திகைத்து, பிறகு கைதட்டினார்கள். இவ்வளவு சுருக்கமான நிரூபணத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"இல்லாததுக்கா இம்புட்டு கைதட்டு?" என்றார் வெண்டலின் அம்மா.

"இல்லைன்னு காட்டுறதுதாம்மா கஷ்டம்" என்றான் வெண்டல்.

டோரீன் கைதட்டவில்லை. காலி அறைக்குப் போய், அந்த இரண்டு பலகைகளையும் ஒரே சுவருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.