முகாமில் மாமி சொன்ன சாட்சி

எண்பத்து நான்காம் ஆண்டு, வைகாசி மாதத்து ஒரு காலை நேரம். யாழ்ப்பாணத்தில் இருந்த ஓர் இராணுவ முகாமின் வாசலில் என் கணவரோடும் மாமியாரோடும் இடுப்பில் மகளோடும் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவையே தவிர்த்து, சுற்றி வேறு வழியால் போவார்கள். நாங்களோ உள்ளே விடச்சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் புத்தூரில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு வாகனங்களில்தான் பைத்தியம். எழுபதுகளில் இராணுவத்தில் சாரதியாகச் சேர்ந்தார். அப்போது அது ஓர் அரசாங்க உத்தியோகம், அவ்வளவுதான். ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை.

எண்பத்து மூன்றில் சித்திரை வருடப்பிறப்புக்கு லீவில் வந்தவருக்குக் காய்ச்சல் பிடித்தது. அடுத்த நாள் உடம்பெல்லாம் கொப்பளிப்பான், சின்னம்மை. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வார்கள். மாமி உடனே வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். அதற்குப் பிறகு டொக்டர் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக்கூடாது. லீவு முடியப்போகிறதே என்று நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு தந்தியாவது அடிப்பமே மாமி?" என்று கேட்டேன்.

"என்னெண்டு அடிப்பாய்? நோய் வருத்தமெண்டோ? அம்மாள் வீடு தேடி வந்திருக்கிறா. அதை வருத்தமெண்டு ஊருலகத்துக்குத் தந்தி அடிக்கிறதோ? வாயை மூடு பிள்ளை."

மூடினேன். மாமியோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. என் கணவர் படுக்கையிலிருந்து எழும்ப மகளுக்கு வந்தது. மகளுக்கு இறங்க எனக்கு வந்தது. வேப்பிலை காய்ந்து போவதும் மாமி புதிதாகக் கட்டுவதுமாக மாதங்கள் போயின. படலையில் வேப்பிலையைக் கண்டால் தபால்காரர் கூட மணியடிக்காமல் போய்விடுவார். இராணுவத்திலிருந்து வந்த பதிவுத் தபாலும் எங்களைக் காணாமலே திரும்பிப் போனது. எல்லோரும் தேறி அவர் புறப்பட ஆயத்தமான நேரம், தெற்கில் தமிழரை அடித்து விரட்டிய ஆடிக் கலவரம். தென்பக்கத்திலிருந்து எங்கள் சனம் அகதிகளாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இவரை எப்படி அனுப்புவது?

சில மாதங்கள் கழித்து, படையைவிட்டு ஓடிப்போனவர் என்று அவரைப் பதிந்து பெயரை வெட்டிவிட்டதாக அறிவித்தல் வந்தது. ஆடிக்குப் பிறகு வராததை அவர்களே பெரிதாக எடுக்கவில்லை. சித்திரையில் லீவு முடிந்தும் ஒரு தகவலும் தராமல் இருந்ததுதான் குற்றம். ஓடிப்போனவர் என்றால் கண்ட இடத்தில் பிடிக்கலாம். சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் என் கணவர் பின்வளவு வாழைகளுக்குள் போய் இருப்பார். சொந்த வீட்டில் கள்ளன் மாதிரி அவர் ஒளிந்திருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு பற்றி எரியும்.

அந்த நேரம் ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் ஓட்ட ஆள் எடுத்தார்கள். பழைய வேலையிலிருந்து ஒழுங்காக விலகிய பத்திரம் கேட்டார்கள். ஒளிந்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, என் கணவர் தானே சிங்களத்தில் ஒரு மனு எழுதினார். நான் ஓடவில்லை, சுகமில்லாமல் கிடந்தேன், பதிவைத் திருத்தித் தாருங்கள் என்று. பதில் வந்தது. இந்த முகாமுக்கு விசாரணைக்கு வரவேண்டும். வரும்போது வைத்திய சான்றிதழ் கொண்டுவர வேண்டும்.

சான்றிதழுக்கு எங்கே போவது? வைத்தியரையே கூப்பிடவில்லையே! நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்ட் என்று பொய்யாக எழுதித் தர ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். என் கணவர் கொஞ்சம் யோசித்தார். நானும்தான். மாமி விடவில்லை.

"அம்மாள் வந்ததை நெருப்புக்காய்ச்சல் எண்டு எழுதுவிக்கிறியோ? இன்னொருக்கா வந்தாவெண்டால் என்ன செய்வாய்? நான் வாறன். நான்தானே மறிச்சனான், நானே வந்து சொல்லுறன்."

ஊரில் கேட்டவர்களுக்குச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். இராணுவ முகாமுக்குப் போகிறோம் என்று சொன்னால் ஊர் என்ன கதைக்கும்? வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். போகும்போது நாலு பேர். வரும்போதும் நாலு பேராக வருவோமா?

உள்ளே ஓர் அறையில் மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள அதிகாரி இருந்தார். நடுத்தர வயது. சிரிக்காத முகம். வாசலில் துவக்கோடு ஒரு சிப்பாய். அதிகாரி சிங்களத்தில் கேட்க, என் கணவர் விறைப்பாக நின்று பதில் சொன்னார். சான்றிதழ் என்ற இடம் வந்ததும் இவர் தலையைக் குனிந்தார். அதிகாரி கோப்பை மூடப் போனார். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாமி முன்னுக்குப் போனார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தோட்டத்தில் கூலியாளோடு கதைக்கிற அதே குரலில் தொடங்கிவிட்டார்.

"இஞ்சை பாருங்கோ தம்பி. என்ரை பிள்ளை ஓடயில்லை. அவன் தந்தி அடிக்கப் போகத்தான் கேட்டவன், இவளும் கேட்டவள். நான்தான் விடயில்லை. அம்மாள் வந்த வீட்டுக்குள்ளை டொக்டரை விடுவினமே? பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ."

மொழிபெயர்க்க என் கணவர் தயங்கினார். அதிகாரி விடவில்லை, சொல்லச் சொன்னார். கேட்டு முடிந்ததும் கோப்பிலிருந்து கையை எடுத்தார். மாமியைப் பார்த்து ஏதோ கேட்டார். என் கணவர் திகைத்துப்போய் மாமியிடம் திரும்பினார்.

"அம்மா, அந்த நாளையிலை வீட்டிலை என்ன சமைச்சதெண்டு கேக்கிறார்."

"என்னத்தைச் சமைக்கிறது? மீன் மச்சம் இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பிலை ஏறவேயில்லை. ஒரு கடுகு வெடிக்க விடயில்லையெண்டு சொல்லு."

அதிகாரியின் முகம் இளகியது. அடுத்த கேள்வி: எதில் குளிக்க வார்த்தீர்கள்? வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் என்று மாமி சொல்லி, மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் வார்த்த கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் இடைமறிக்கவில்லை. பிறகு கதிரையில் சாய்ந்து, மெதுவாகக் கதைத்தார். அவர்கள் ஊரிலும் இதைக் கடவுளின் நோய் என்றுதான் சொல்வார்களாம். அங்கேயும் வேப்பிலைதான். அங்கேயும் எண்ணெய் காயாது. சின்ன வயதில் அவருக்கு வந்தபோது அவருடைய தாயும் வைத்தியரை வாசலோடு திருப்பி அனுப்பினாராம். பள்ளிக்கூடத்துக்கும் சொல்லி அனுப்பவில்லையாம். அந்த வருடத்துப் பரீட்சை அவருக்குத் தவறிப் போய்விட்டதாம்.

"என்ரை அம்மாவோடை கதைச்சு வெல்ல ஏலாது" என்று அவர் சொன்னதை என் கணவர் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம். துவக்கோடு நின்ற சிப்பாயும் சிரித்தான். மாமி மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல தாய்" என்றார்.

ஆனால் சட்டம் சட்டம்தான், சான்றிதழ் இல்லாமல் பதிவைத் திருத்த அவருக்கும் வழியில்லை. யோசித்தார். பிறகு ஆள் அனுப்பி முகாம் வைத்தியரைக் கூப்பிட்டார். வந்தவர் இளைஞர். என் கணவரைச் சேர்ட்டைக் கழற்றச் சொல்லி முதுகையும் நெஞ்சையும் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். என் கன்னத்தையும் கழுத்தையும் பார்த்தார். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே மாதிரித் தழும்பு. இது கொப்பளிப்பான் வந்த அடையாளம், வந்து ஒரு வருடமளவில் இருக்கலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதாத சான்றிதழை எங்கள் உடம்பிலேயே கொண்டுபோயிருக்கிறோம், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மாமியின் வாக்குமூலத்தையும் எழுதி எடுத்தார்கள். ஓடிப்போனவர் என்பதை நீக்கி, நோயினால் வேலைக்குச் சமூகமளிக்க முடியாமல் போனவர், நன்னடத்தையோடு விலகியவர் என்று மாற்றச்சொல்லி எழுதி அனுப்புவதாக அதிகாரி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வாசல் வரைக்கும் கூடவே வந்தார். என் கணவர் பழைய பழக்கத்தில் சல்யூட் அடித்தார். அவரும் திருப்பி அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று கூட அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் கூப்பினேன். மகள் இடுப்பிலிருந்து வழுக்கப் பார்த்தாள்.

வெளியில் வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். மாமி மறுத்துவிட்டார்.

"சந்நிதிக்கெண்டு சொல்லிப்போட்டு வந்தனாங்கள். முருகன்ரை பேரிலை பொய் சொல்லுறதோ? நட."

சந்நிதி இருக்கிற தொண்டைமானாற்றுக்கு பஸ் பிடித்துப் போய், கும்பிட்டு, மடத்தில் அன்னதானச் சோறு சாப்பிட்டோம். நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

திருத்திய பத்திரம் ஆவணி போல வந்து சேர்ந்தது. என் கணவருக்கு ஆஸ்பத்திரி வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் மண்ணில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த அதிகாரியும் என் கணவரும் பிறகு சந்திக்கவேயில்லை. சந்திக்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை. ஷெல் விழுந்த நாட்களிலும் என் கணவர் அம்புலன்ஸ் ஓட்டினார். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, சனம் நிறைந்த அந்த ஒற்றைத் தெருவில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பவும் போனார்.

இப்போதும் கோயிலில், சந்தையில் யாராவது என் கையைப் பிடித்து, "உங்கடை மனிசன் ஏத்திக்கொண்டு போகாட்டில் என்ரை பிள்ளை இண்டைக்கு இல்லை" என்று சொல்வதுண்டு. ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவேன். ஆனால் அந்த நன்றியை நான் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. பயத்திலும் அவசரத்திலும் பெயர் கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே, அந்த அதிகாரி எங்கே இருந்தாலும் பாதி அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.