நானூறு மூட்டைக் கூடம்

காசிலிங்கத்திடம் எந்த இடத்தின் அளவைக் கேட்டாலும் அடிக்கணக்கு வராது, மூட்டைக் கணக்குதான் வரும். மரக்காணத்தில் உப்பு கொடோன் மேஸ்திரியாக இருபத்திரண்டு வருஷம் இருந்த மனுஷன். சாமி கும்பிடப் போனாலும் கண் மேலே போய், இங்கே எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் சாமியிடம் வரும். பெருமுக்கல் மலைக் கோயிலில் நானே பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் 2004-இல் சொந்த வீடு கட்டக் கிளம்பினார். கொத்தனாரைத் தேடாமல் என்னைத் தேடி வந்தார். நான் பாலகுரு, ஈசிஆர் ரோட்டோரம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வீடு கட்ட வெல்டர் எதற்கு என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

“செங்கல்லே வேணாம்பா. இந்த மண்ணுல எந்தச் சுவரு நின்னுது? ஓதம் ஏறி அஞ்சே வருஷத்துல காரை கொட்டுது. இரும்புல தூணு, மேல கூரையைத் தாங்க இரும்புல ட்ரஸ்ஸு, சுத்தி ஷீட்டு. நம்ம கொடோன் மாதிரி உசரமா.”

“அண்ணே, உப்புக் காத்துல இரும்பா? என் பட்டறை கேட்டைப் பாருங்க, உதிருது.”

“துரு கண்ணுக்குத் தெரியும்பா. சுரண்டிட்டு பெயிண்ட் அடிச்சுக்கலாம். சுவரு உள்ளுக்குள்ளயே செத்துப் போயிடும், சொல்லாது.”

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. ஊர் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் அவர் சம்சாரம் சூர்யகலா அண்ணி. பிள்ளைகுட்டி இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினாறு வருஷம் மூத்தார் வீட்டில், ஓரகத்தியின் அடுப்படியில், அவள் கை ஒழிந்த பிறகு சமைத்துக்கொண்டிருந்தவள். வீடு இரும்போ தகரமோ, அவளுக்குக் கவலையில்லை. “ஒரு அடுப்பு, அது என் அடுப்பா இருக்கணும்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் பிளான் போட்டோம்.

“கூடம் எவ்வளவுண்ணே?”

“நானூறு மூட்டை.”

“ரூமு?”

“நூத்தம்பது.” அப்புறம் பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்து, “சமையக்கட்டுக்கு எத்தனை மூட்டை வேணும்?” என்றார்.

“ஒரு மூட்டையும் வேணாம். நின்னு சமைக்க எடம் வேணும்” என்றாள் அண்ணி.

வாசல் பேச்சு வந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. லாரி பின்பக்கமாக வந்து உள்ளே நிற்கிற அகலம் கேட்டார். தள்ளித் திறக்கிற இரும்புக் கதவு. வீட்டுக்குள் லாரிக்கு என்ன ஜோலி என்றேன். “வாசல்னா லாரி போவணும்பா” என்றார். அவருக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். என்னவோ செய்துகொள் சாமி என்று செய்துகொடுத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் வேலை முடிந்தது. உடனே பால் காய்ச்சிவிடலாம் என்று அண்ணி துடித்தாள். இவர் ஜோசியரைப் பார்க்கிறேன் என்று நாலு நாள் ஓட்டினார், அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. சரி, தை பிறக்கட்டும் என்றார். தை பிறப்பதற்கு முன்னால் கடல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கிண்டல் பேச எனக்கு வாய் வராது. எக்கியார்குப்பத்தில் பிணம் தூக்கியவர்களில் காசிலிங்கம் ஒருவர், நான் ஒருவன். மூன்று நாள் அவர் சோறு தின்னவில்லை.

நாலாம் நாள் பட்டணத்திலிருந்து ஒரு நிவாரணக் கமிட்டியின் லாரிகள் வந்தன. சாமான் இறக்க நனையாத பெரிய இடம் தேடிக்கொண்டு வந்த டிரைவர், காசிலிங்கத்தின் வாசலைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. ரிவர்ஸ் போட்டு நேரே உள்ளே போய்விட்டார்.

“கொடோன் யாருதுங்க?” என்று இறங்கினார் கமிட்டிச் செயலாளர் பஞ்சநாதன். இது கொடோன் இல்லை என்று சொல்லத்தான் காசிலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த மனிதர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். உப்பு கொடோன் மேஸ்திரியை எந்தக் காலத்தில் யார் கும்பிட்டார்கள்? திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

“ஒரு மாசந்தான்” என்றார்கள். போர்வை, பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ், குடம். கூடவே கம்பளிக் கோட்டு, கழுத்தில் கட்டுகிற டை ஒரு மூட்டை. மரக்காணத்து வெயிலுக்கு டை! எல்லாவற்றையும் ஒரு மூட்டை சாயாமல் கூரை ஷீட்டு வரைக்கும் அடுக்கினார் காசிலிங்கம். சமையலறையும் நிறைந்தது. கமிட்டிப் பூட்டின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது.

யாருக்குக் கொடுப்பது என்று லிஸ்ட் போட்டார்கள். அதில் தப்பு என்று இன்னொரு லிஸ்ட். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூரில் இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? தை போனது, ஆடி போனது. ஐப்பசி மழை அந்த வருஷம் ஊற்றித் தள்ளியது. ஓரகத்தி வீட்டில் தன் முறைக்குக் காத்து நின்ற அண்ணி கேட்கும்போதெல்லாம், “நம்மள நம்பிக் குடுத்திருக்காங்கடி” என்பார் காசிலிங்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷம் திரும்பி மறுபடி மார்கழி வந்தது. திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் கமிட்டி விழா. காசிலிங்கத்துக்குப் பொன்னாடை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினார். பஸ் கிளம்பியதும் அண்ணி என் பட்டறையில் வந்து நின்றாள்.

“பாலகுரு, கட்டிங் செட்டை எடுத்துக்கினு வா. பூட்டை அறுக்கணும்.”

“அண்ணி, அது கமிட்டிப் பூட்டு.”

“கதவு நீ செஞ்சது. வீடு என்னுது. பூட்டு எவனுதா இருந்தா இன்னா? வா.”

அறுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் அறுத்ததில்லை. குப்பத்துக்கு அவள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். ஜனங்கள் வந்தார்கள், வேண்டியதை எடுத்தார்கள், போனார்கள். லிஸ்ட் இல்லை, சண்டையும் இல்லை. மத்தியானத்துக்குள் டை மூட்டையும் ஒரு போர்வை மூட்டையும் தவிர எல்லாம் காலி. அண்ணி ஒரு குடம்கூடத் தனக்கென்று எடுக்கவில்லை. தன் கையால் வாங்கி வைத்திருந்த அடுப்பைக் கொண்டுவந்து, அந்த மார்கழியிலேயே பால் காய்ச்சினாள்.

நாலு மணிக்குப் பொன்னாடையோடு வந்து சேர்ந்தார் காசிலிங்கம். கடைசியாக, போர்வை மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள் எக்கியார்குப்பத்து திரௌபதி.

“அடமழை பூரா தார் ஷீட்டுக் கொட்டாயில நனைஞ்சோம்ண்ணே. கைப்புள்ளைக்கு ஜுரம். போர்வ இங்கியா இருந்துது?” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவர் மடமடவென்று தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது குளிருக்கு ஆவாதுண்ணே. நீங்களே வெச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. உப்பு கொடோனிலேயே படுத்துக்கொண்டார், டீயும் பன்னுமாக ஒரு வாரம் ஓட்டினார். அண்ணியும் கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் பஞ்சநாதன் அடுத்த லாரியோடு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினார் காசிலிங்கம். வாசலை மறித்து நின்றார்.

“ஸ்டாக் எங்கய்யா?”

உப்பு வியாபாரத்தில் இருப்பு குறைந்தால் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான். அதையே சொன்னார்: “கரைஞ்சிடுச்சு சார்.”

“போர்வை கரையுமாய்யா?”

“ஸ்டவ்வும் கரைஞ்சிடுச்சு சார்.”

“வெளையாடறியா? எழுதிக் குடு.”

“குடுக்கறேன் சார். ஜனங்க மழையில நனையறப்ப, ஒரு வருஷம் நீங்களும் நானும் பூட்டி வெச்சிருந்தோம், அதுல கரைஞ்சுதுன்னு எழுதறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம்.”

பஞ்சநாதன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். புழுதி அடங்கும்வரை காசிலிங்கம் அங்கேயே நின்றார். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது.

“இன்னும் வெளிய நின்னு இன்னா பண்றீங்க?” என்று அண்ணியின் குரல் கேட்டது.

அவர் செருப்பைக் கழற்றினார். “இன்னா கொழம்பு?”

“எனக்குப் புடிச்ச கொழம்பு. உங்களுக்குப் புடிக்குமோ இன்னாவோ, தெரியாது. வாங்க.”