புஷ்பா தைப்பூசம்

அய்யாவு பயந்த சுபாவம். கிள்ளான் பக்கத்து மேருவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், லோரி ரிவர்ஸ் எடுத்தால் மூன்று ரேக் தள்ளிப் போய் நின்றுகொள்வார். வானம் இருட்டினாலே கிள்ளான் ஆறு வீட்டுக்குள் வந்துவிடும் என்று அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தாமான் குடியிருப்புக்காரர்கள் அவர் காதுபடவே சொல்லுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், அதற்கும் பயம்தான்.

ஆனால் ஒரு பயம் மட்டும் சிரிப்பதற்கில்லை. அவர் மனைவி புஷ்பவல்லி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவள். உறுமி மேளம் அவள் காதில் விழுந்தால் போதும், சாமி வந்துவிடும். அடங்கி ஒடுங்கி இருக்கிற பெண்பிள்ளையா இது என்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசத்தில் பத்துமலைப் படியடியில் ஆடி முடித்ததும் அப்படியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, உடம்பை அலட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அய்யாவுக்கு உறுமிதான் எமன். கோயில் திருவிழா என்றால் அவளை ஷா ஆலத்திலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். வானொலியில் தப்பு மேளச் சத்தம் கேட்டால்கூட ஓடிப்போய் அணைப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் திருநீறு. சாமி வந்தால் நெற்றியில் பூசி இறக்க வேண்டுமே. புஷ்பவல்லியின் பேச்சே குறைந்துபோயிற்று. அதையும் அவர் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் கம்ப்யூட்டர் வாங்கியது உலக அதிசயம். ஆபீசில் பழையதைக் கழித்தபோது தூக்கி வந்தார். அதோடு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில், பாட்டுகளைக் கலந்து போடுகிற சாஃப்ட்வேர் சிடி ஒன்று வாங்கினார். "குழந்தைகூட மிக்ஸ் பண்ணிரும் லா அங்கிள்" என்று கடைக்காரன் சொன்னதில் பொய் இல்லை. திரையில் இடப்பக்கம் ஒரு பாட்டு, வலப்பக்கம் ஒரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லும். ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். நடுவிலிருக்கும் கட்டையை மவுசால் இடமிருந்து வலம் மெல்ல நகர்த்த வேண்டியதுதான், ஒரு பாட்டு கரைந்து இன்னொன்று எழும். தப்பாய் நகர்த்தினாலும் யாருக்கும் அடிபடாது. வாழ்க்கையில் அவர் பயப்படாமல் கைவைத்த ஒரே பொருள் அதுதான்.

அக்காள் மகள் சந்திரகலா அதில் அவர் கலந்த பாட்டைக் கேட்டு மயங்கிவிட்டாள். தன் கல்யாண டின்னருக்கு டிஜே வேண்டாம், மாமாதான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாட்டுப் பட்டியலை அவர் பத்துத் தடவை சரிபார்த்தார். காரணம் இருந்தது. புஷ்பவல்லியின் கடைசிப் பால்குடத்தன்று சந்திரகலா உறுமி மேளத்தைப் பதிவு செய்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. நாடா பூசணம் பிடித்துவிடுமோ என்று பயந்து, மனைவி காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்த நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஒருநாள் ஆசைக்கு ஒரு டிஸ்கோ தாளத்தோடு சேர்த்துப் பார்த்தார். ரயிலுக்குத் தண்டவாளம்போலப் பொருந்தியது. உடனே பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார். எடுத்தது பட்டியலிலிருந்து மட்டும்தான். கோப்பு, பாட்டுகள் கிடந்த அதே இடத்திலேயே கிடந்தது.

கிள்ளானில் மண்டபம் நிறைந்த கூட்டம். அய்யாவு மேடைக்கு எதிர்ப்புறச் சுவரோரம் மேசை போட்டு, வேர்த்த கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பாட்டாய் நகர்த்தினார். சனங்கள் ஆடினார்கள். புஷ்பவல்லி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

அப்போது கேக் வெட்ட வேண்டும், தாய்மாமன் மேடைக்கு வரவேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மற்ற டிஜே எவனுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. தாய்மாமன் இல்லாமல் கேக் வெட்டினால் அக்காள் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவாள். அய்யாவு 'ஆட்டோ' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினார். அதை அவர் அதற்குமுன் அமுக்கியதில்லை. அமுக்கிவிட்டால் பட்டியலைப் பார்க்காமல், உள்ளே கிடக்கும் எல்லாவற்றிலும் எது தாளத்துக்குப் பக்கமோ அதை எடுத்துப் போடும் என்று அவருக்குத் தெரியாது.

போட்டோ எடுத்து முடித்துத் திரும்பிவந்து திரையைப் பார்த்தார். இடப்பக்கம் பாட்டு முடியப்போகிறது. வலப்பக்கம் அடுத்ததன் பெயர் ஆங்கில எழுத்தில் நின்றது: 'புஷ்பா தைப்பூசம்'.

அவர் மவுசைப் பிடித்து இழுத்தார். அம்புக்குறி அசையவில்லை. விசைகளைத் தட்டினார், கம்ப்யூட்டர் மரம்போல நின்றது. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. பயந்தவனுக்குப் புத்தி எங்கே இருக்கும்? சுவரில் கைக்கெட்டும் தூரத்திலிருந்த சுவிட்ச் கண்ணிலேயே படவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது படியடியில் சரிந்து கிடந்த புஷ்பவல்லி ஒருத்திதான். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, யாரோ ஒருவரின் தட்டைத் தட்டிவிட்டு ஓடினார்.

அவர் பாதி மண்டபம் கடப்பதற்குள் உறுமி எழுந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த உறுமல் ஸ்பீக்கர் பெட்டிகளில் அதிர்ந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். விஷயம் தெரிந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் புஷ்பவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி எழுந்து நின்றாள்.

அய்யாவு ஓடிவந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். பொட்டலத்தைப் பல்லால் கிழித்து நெற்றியில் பூசினார், கன்னத்தில் பூசினார், பாதி அவள் பட்டுச்சேலையில் கொட்டியது. முருகா, இவளை விட்டுடு, இவளை விட்டுடு என்று முனகினார். ஊர் பார்க்கிறது என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை. அவர் பிடியில் உடம்பு வெடவெடவென்று நடுங்குவது தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

புஷ்பவல்லி கண்ணைத் திறந்தாள். திருநீற்றுக்குள்ளிருந்து தெளிவாக அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலைங்க. நடுங்குறது உங்க கைதான்."

அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான். அவள் கல்லுப்போல நின்றிருந்தாள்.

"டாக்டர் என்னை ஆடக்கூடாதுன்னுதான் சொன்னாரு" என்றாள் அவள். "கேக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு வருஷமா நீங்க பயப்படுறதைப் பாத்துப் பாத்துதான் எனக்கு நெஞ்சு அடைக்குது."

அய்யாவுக்கு அழுகை வந்தது, அழுதார். சந்திரகலா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, நிறுத்தவா மாமா என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குமுன் புஷ்பவல்லி வேண்டாம் என்று கையாட்டினாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, உறுமி ஓயும்வரை அதன்மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் அந்தக் கை நடுங்கவில்லை.